நிமிர்ந்த சைரன்

கெண்டல்மூர் தேயிலை எஸ்டேட்டில் செத்தவர்களை அனுப்பிவைக்கும் பொறுப்பு சைரனுடையது. பறை வரும், ஒப்பாரி வரும், பூத்தேர் கட்டுவார்கள், எல்லாம் உண்டு. ஆனால் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஆள் இறந்தால், உடலைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தூக்கும் நேரத்தில் ஃபேக்டரிக் கூரையிலிருக்கும் சைரன் ஒருமுறை ஊதியாக வேண்டும். ஊதாவிட்டால் ஆள் இன்னும் வேலையைவிட்டு இறங்கவில்லை என்று பொருள். சாவிலும் ஷிப்ட் பார்க்கிற ஜனம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு கதை இன்னொன்றோடு ஒத்துப்போகாது.

அந்தச் சைரனுக்கு ஒரு குணம் இருந்தது. தினமும் காலை ஷிப்டுக்கு ஊதும்போது குரல் எழும்பி உச்சிக்குப் போய் நிற்கும். நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சு கீழே இறங்கி, மறுபடி ஏறும். பாரம் தூக்குகிறவர் முக்குவது போலவே இருக்கும். லயத்தில் அதற்கு ‘முக்கல்’ என்றே பெயர். காரணமும் எல்லோருக்கும் தெரியும். கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினை அந்த நேரத்தில்தான் கிளப்புவார்கள். அது கரண்டை ஒரேயடியாக இழுக்கும், ஃபேக்டரி விளக்கெல்லாம் ஒருமுறை மங்கித் தெளியும், சைரனும் முக்கும். சாவுக்கு ஊதும்போது மட்டும் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு ஊதுவார்கள். அப்போது சைரன் முக்காது. கடைசிவரை நிமிர்ந்து நிற்கும். ஆகவே லயத்தில் கணக்கு சுலபம். சைரன் முக்கினால் ரோலரில் ஆள் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் ஆள் கையை எடுத்துவிட்டார், போய்விட்டார்.

இருபது வருசத்துக்கு மேல் அந்த ரோலரைக் கிளப்பியவர் காத்தமுத்து. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ஒருவழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஸ்டார்ட்டரைத் தட்டுவதில் மட்டும் அவருக்கு ஒரு பெரிய மனுசத்தனம் உண்டு. சைரன் உச்சிக்கு ஏறி நிற்கும்வரை கையை ஓங்கியபடி காத்திருந்து, அது நின்ற பிறகே தட்டுவார். “நான் தட்டுறது குன்னூருக்கே கேக்கும்” என்பார். முக்கல் கேட்டதும் லயத்தில் அவர் மனைவி விஜயா, “தட்டிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே கூடையை எடுத்துத் தலையில் மாட்டுவாள். அவர்களுக்குள் இருந்த காதல் வசனம் அவ்வளவுதான்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதில்லை என்றார்கள். வெளிநாட்டுத் தூள் வந்து இறங்குகிறது என்றார்கள். கடைசியில் நம்ம தூளே சரியில்லை என்று, அதை உருட்டிக் கொடுத்தவர்களிடமே வந்து சொன்னார்கள். இரண்டாயிரமாவது வருசம் பிறந்த கையோடு ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பாதி லயம் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தது. காத்தமுத்து போகவில்லை. வாட்ச்மேன் வேலன் சின்னக் கேட்டைத் திறந்துவிட, தினமும் உள்ளே போய் ஓடாத ரோலருக்கு எண்ணெய் போட்டார், பித்தளைத் தட்டைத் துடைத்தார். என்றைக்காவது திறப்பார்கள், அன்றைக்கு மெஷின் துருப்பிடித்து நின்றால் யாருக்கு மானக்கேடு என்று கேட்டார். விஜயா காலையில் ஃப்ளாஸ்கில் தேநீர் கொண்டுபோய்க் கேட்டில் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் வேலன் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் ரோலர் காலடியில் சாய்ந்து கிடந்தார். கையில் எண்ணெய்த் துணி இருந்தது.

அவருக்குச் சைரன் ஊதவில்லை. ஊத முடியாது. ஃபேக்டரிக்குக் கரண்டை எப்போதோ வெட்டிவிட்டார்கள். சைரன் போர்டை ஈரமும் எலியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சைரன் இல்லாமலே அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விஜயா அழவில்லை. சுற்றி நின்ற பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோதுகூட, ஏதோ பக்கத்து வீட்டுச் சாவுக்கு வந்தவள் போல நின்றாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு ஏற்பாடு செய்தபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

“சைரன் ஊதல. அவரு வேலையவிட்டு எறங்கல. எறங்காத மனுசனுக்கு என்னாத்துக்குக் கருமாதி?”

அவளோடு யாரும் வாதாட முடியவில்லை. ஏனென்றால் வழக்கம் அவள் பக்கம் இருந்தது. மறுநாளிலிருந்து பழையபடி ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போக ஆரம்பித்தாள். மழையோ மஞ்சோ, பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, ஃப்ளாஸ்கை வைத்துவிட்டு, சாயங்காலம் போய் எடுத்து வருவாள். தேநீரை வேலன்தான் குடித்தார். குடிக்காமல் விட்டால் அவள் முகம் போகிற போக்கை அவரால் பார்க்க முடியவில்லை. அவளோ சோறு இறங்காமல் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தாள். காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, “அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து எங்க படுப்பாரு?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

ஒரே மகள் இந்துமதி. ஊட்டி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, குன்னூர் கீழ்பஜாரில் செலஸ்டின் என்பவருடைய கடையில் வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர், டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார்கள்; கோவில் திருவிழாவுக்கும் சர்ச் பெருநாளுக்கும் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பார்கள். அம்மாவை டாக்டரிடம் காட்டியபோது அவர் இந்துமதியைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பில் வியாதி எதுவும் இல்லை, ஆனால் இப்படியே சாப்பிடாமல் குளிரில் போய் நின்றால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டார் என்றார். அப்பாவை இழந்தாயிற்று, அம்மாவும் அவர் பின்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள். வருசத் திதிக்குள் அந்தச் சைரனை ஊதவைத்தாக வேண்டும். அதுவும் எங்கிருந்தோ பிடித்த ஏதோ ஒரு சைரன் அல்ல, கெண்டல்மூர் சைரன். குரல் மாறினால் லயத்தில் சின்னப் பிள்ளைகூட ஏமாறாது.

வேலனிடம் கேட்டு, அரித்துப்போன போர்டைக் கழற்றி வந்தாள். அதில் ஒலியைப் பிறப்பிக்கும் சிப் வெடித்திருந்தது. அந்த மாதிரிச் சிப் இப்போது எங்கேயும் செய்வதில்லை; போர்டு செய்த பெங்களூர் கம்பெனியும் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் சைரன் எப்படி ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் இருந்த இன்னொரு சிப் பிழைத்துக் கிடந்தது. அதைப் படித்து எடுத்துவிட்டாள். வெடித்த சிப்புக்குப் பதிலாகத்தான் ஒரு வழி யோசித்தாள்.

கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் பழைய வீடியோ கேம் மெஷின்களைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவைத்து விளையாடுவதை அவள் பார்த்திருந்தாள். எமுலேட்டர் என்பார்கள். பழைய மெஷினின் ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்யும் என்பதை எண்களாக எழுதிவிட்டால், மெஷினே இல்லாமல் மெஷின் ஓடும். செத்த சிப்பையும் அப்படியே எழுதிவிடலாம். அந்தச் சிப்பின் ஸ்பெசிஃபிகேஷனை ஒரு வாத்தியாரிடமிருந்து ஜெராக்ஸ் எடுத்து வந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினாள்.

எழுதும்போதுதான் முக்கலின் உண்மையான காரணமும் தெரிந்தது. இந்தச் சிப்புக்குத் துடிப்பு கொடுக்க நல்ல கிரிஸ்டல் வைக்க வேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷன் சொல்கிறது. போர்டு செய்த புண்ணியவான்கள் அதை மிச்சம் பிடித்து மட்டமான ஒன்றை வைத்திருந்தார்கள். அதனால்தான் ரோலர் கரண்டை இழுக்கும்போது துடிப்பு தளர்ந்து குரல் இறங்கியிருக்கிறது. அவள் எழுதிய சிப்பில் அந்தக் கோளாறுக்கு இடமே இல்லை. கரண்டும் இல்லை, வோல்டேஜும் இல்லை. துடிப்பு என்பது ஒரு எண். எழுதிவைத்தால் எழுதிவைத்தபடி நிற்கும். முக்கவே முடியாத சைரன். சாவுக்கு ஊத வேண்டியது அதுதானே என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

முதல்முறை ஓடவிட்டது ஒரு மத்தியான வேளையில். குரல் எழும்பி, உச்சிக்கு ஏறி, நிமிர்ந்து நின்றது. கடையில் சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்த செலஸ்டின் கையை எடுத்துவிட்டார்.

“ஏனம்மணி, கெண்டல்மூர் ஃபேக்டரியக் கடைக்குள்ளயே கொண்டாந்துட்டியே! எனக்கு டீ குடிக்கோணும்போல ஆயிடுச்சு.”

இந்துமதி அன்றைக்கு லயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் அம்மாவிடம் சொன்னாள். விஜயா நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

“ஊதுறதா இருந்தா காலம்பற ஷிப்ட் நேரத்துலதான் ஊதணும் புள்ள. எந்த நேரத்துல வேலையில ஏறுனாரோ அந்த நேரத்துலதான் எறக்கணும். நிமிந்து நின்னுச்சுன்னா, அவரு கைய எடுத்துட்டாருன்னு நானும் கும்புட்டுட்டு விட்டுர்றேன். ஒன்கூட குன்னூருக்கே வந்துர்றேன்.”

“நிக்கும்மா. நிக்காம எங்க போகும்?” என்றாள் இந்துமதி.

காலை ஷிப்ட் நேரம் என்றதால், ஒருநாள் முதல் பஸ்ஸில் கடைக்கு வந்து அதே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எண்களுக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான். இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று பார்த்தாள். பஜாரில் இன்னும் மஞ்சு விலகவில்லை. குரல் எழும்பியது, ஏறியது, நின்றது. பிறகு ஒரு மூச்சு இறங்கி, ஏறியது.

அது எந்தக் கோளாறின் சத்தமும் அல்ல. பிறந்ததிலிருந்து தினமும் காலையில் கேட்டு எழுந்த சத்தம். உச்சிக்குப் போய் நிற்கும்வரை பொறுத்திருந்து தட்டுகிற அந்தப் பெரிய மனுசத்தனம் உட்பட அப்படியே இருந்தது.

செலஸ்டின் வந்ததும் சொன்னாள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும். சவுண்ட் கார்டு மக்கர் பண்ணுகிறது என்றார். காலையில் லைன் வோல்டேஜ் குறைவு என்றார். வைரஸ் என்றார். இந்துமதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினாள், பேட்டரியில் ஓட்டினாள். ஸ்பீக்கருக்கே அனுப்பாமல், வரும் எண்களை மட்டும் பிடித்துவைத்துப் பார்த்தாள். மத்தியானம் ஓட்டினால் ஒரு எண்கூடப் பிசகவில்லை. காலை ஷிப்ட் நேரத்தில் ஓட்டினால் துடிப்பின் எண் நடுவில் தானாகக் குறைந்து, தானாக ஏறியது. அதைக் குறைக்கச் சொல்லி அவள் எங்கேயும் எழுதவில்லை. எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தாள், செலஸ்டினும் படித்தார். அந்த எண் மாறுவதற்கு அதில் வழியே கிடையாது.

ஒரு காலையில் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காண்பித்தாள். முக்கல் வந்தது. செலஸ்டின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அம்மணி, இதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமில்ல. ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லாத ஆள் ஒருத்தர் உள்ள இருக்காரு. உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடு.”

“சொன்னா என்ன ஆகும்ண்ணா? அவரு வேலையிலதான் இருக்காருன்னு சந்தோசமா ஃப்ளாஸ்க்க எடுத்துட்டுக் கேட்டுக்குப் போவாங்க. சாகிறவரைக்கும் போவாங்க. சாகிறதுக்கு ரொம்ப நாள் ஆகாது.”

செலஸ்டின் எழுந்து தன் மேசைக்குப் போனார்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா இருக்கிறார் என்ற சந்தோசம் ஒருபக்கம் நெஞ்சை முட்டியது, வெட்கமில்லாத சந்தோசம். அப்பா, ரோலரை விடுங்கள் அப்பா, அங்கே கொழுந்து இல்லை, கரண்ட் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு எண்ணிடமா?

கடைசியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் செய்யக்கூடியதைச் செய்தாள். புரோகிராமில் ஒரு பிடிமானம் எழுதினாள். துடிப்பின் எண் ஸ்பெசிஃபிகேஷன் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும், உடனே பிடித்துப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடும். பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு நட்சத்திரம் விழும்படி வைத்தாள், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. பிடியோடும் பிடியில்லாமலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பிடி விட்டுவிடும்படியும் வைத்தாள். மறுநாள் காலை ஓட்டியபோது சைரன் நிமிர்ந்து நின்றது. திரையில் நட்சத்திரங்கள் வரிவரியாக விழுந்தன.

செலஸ்டின் பின்னால் நின்று பார்த்தார்.

“நீ கோளாறைத் திருத்தலே அம்மணி. வாயைப் பொத்துறே.”

“தெரியும்ண்ணா.”

“தெரிஞ்சு பண்றியா?”

“அம்மா சாப்பிடணும்ண்ணா” என்றாள்.

வருசத் திதி அன்று இருட்டோடு செலஸ்டின் ஜீப்பில் குழாய் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் வந்து இறங்கின. லயத்து மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்திலிருந்த சவுக்கு மரங்களில் ஏறி, குழாய்களை ஃபேக்டரி இருக்கும் திசைக்கு முதுகு காட்டி, செலஸ்டின் லயத்தைப் பார்த்துக் கட்டினார். சத்தம் அந்தத் திசையிலிருந்து வந்தால்தானே ஃபேக்டரியிலிருந்து வருவது போலக் கேட்கும். கோவில் முகப்பில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். திருப்பூர் போனவர்களில் பாதிப்பேர் முதல்நாள் ராத்திரியே வந்துவிட்டார்கள். காத்தமுத்துவுக்காக வந்தவர்களும் உண்டு, சைரனைக் கேட்பதற்காகவே வந்தவர்களும் உண்டு. பூட்டிய நாளிலிருந்து அவர்கள் யாருமே அதைக் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் அடிக்கிற பெல்லெல்லாம் ஒரு சத்தமா என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

காத்தமுத்துவின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. விஜயா புதுச் சேலையில் வந்து நின்றாள். அன்றைக்கும் ஃப்ளாஸ்கைக் கொண்டுபோய்க் கேட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வற்றிப்போன உடம்பைப் பார்த்து ஒரு பெண் தாங்கிக்கொள்ளப் போனாள்; விஜயா கையை விலக்கிவிட்டாள். எல்லாப் பேச்சும் அடங்கியது.

வேலன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். இந்துமதி என்டரைத் தட்டினாள்.

குரல் அடியிலிருந்து கிளம்பியது. மலை முழுவதும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. லயத்துக் கதவுகளில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிழவர் ஒருவர் தன்னையறியாமல் எழுந்து, வேலைக்குக் கிளம்புகிறவர் போல வேட்டியை மடித்துக் கட்டினார். குரல் ஏறி ஏறி உச்சிக்குப் போய் நின்றது. நின்றதும் விஜயா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

திரையில் முதல் நட்சத்திரம் விழுந்தது.

பிறகு கொட்ட ஆரம்பித்தன. கடையில் ஒரு காலைகூட இப்படி விழுந்ததில்லை. வரிக்குமேல் வரியாகத் திரை நிறைந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. எண் கீழே இறங்கப் பார்ப்பதும், அவள் எழுதிய பிடி அதைத் தூக்கி நிறுத்துவதுமாக ஒரு மல்லுக்கட்டு உள்ளே நடந்துகொண்டிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சைரன் இம்மி பிசகாமல் நிமிர்ந்து நின்றது. தலைக்குமேல் எரிந்த குண்டு பல்பு மட்டும் ஒருமுறை மங்கித் தெளிந்தது. செலஸ்டின் நிமிர்ந்து பல்பைப் பார்த்தார், பிறகு இந்துமதியைப் பார்த்தார்.

அவள் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு தட்டு போதும். அப்பா தட்டுவது அம்மாவுக்குக் கேட்கும், லயத்துக்கே கேட்கும். அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மலர்ச்சியோடு அவள் நாளைக்கும் மறுநாளும் கேட்டுக்குப் போவாள் என்பதும் தெரியும். அப்பா, மன்னித்துவிடுங்கள் என்று மனதுக்குள் கதறினாள். இன்னொரு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, விரலை மேசையைவிட்டு இழுத்துக்கொண்டாள்.

சைரன் இறங்கி ஓய்ந்தது. அதன் கடைசிச் சத்தம் பள்ளத்தாக்கில் போய்க் கரையும்வரை யாரும் அசையவில்லை.

விஜயா கண்ணைத் திறந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, ஃபேக்டரி இருந்த பக்கமும் பார்க்கவில்லை. நேராக மகளிடம் வந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். திரையில் நிறைந்து கிடந்த நட்சத்திரங்கள் அவளுக்கு வெறும் புள்ளிகள்.

“எனக்குக் கேட்டது சரிதானான்னு தெரியல புள்ள. மனசு ஏமாத்தும். நீ படிச்சவ, மிசின் பக்கத்துலயே நின்ன. நீ சொன்னா நான் நம்புறேன்.” அவள் குரல் கெஞ்சியது. “முக்குச்சா? அப்பா தட்டுனாரா?”

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. செலஸ்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இல்லம்மா” என்றாள் இந்துமதி. “நிமிந்துதான் நின்னுச்சு. அப்பா கைய எடுத்துட்டாரு.”

விஜயா சற்றுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். “போயிட்டியா சாமி” என்று ஒரு குரல் அவள் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஒரு வருசம் வெளியே வராத அழுகை அது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்களும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அழுது ஓய்ந்தபோது அவளே கேட்டு ஒரு பிடி சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து வேலன் விக்கி விக்கி அழுதார்.

“நீயும் அழுதுடு புள்ள” என்று ஒரு கிழவி இந்துமதியின் முதுகைத் தடவினாள். “அடக்கி வெக்காத. அப்பன் போயாச்சு.”

இந்துமதிக்கு அழுகை வரவில்லை. சைரன் நின்று எவ்வளவோ நேரமாகியும் திரையில் நட்சத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் அப்பா இன்னும் வேலையில் இருந்தார்.